சுருதி கூட்டும் வேளை

நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு நான் ஒரு பெட்டியைத் திறக்கிறேன். டிரெஸ்டன் நகரின் டிராம் வண்டிகள் அப்போது ஓடத் தொடங்கியிருக்கும். குளிர்காலமாயின் சாளரத்துக்கு வெளியே இருள் விலகியிராது. பெட்டிக்குள் இருப்பது லூட் என்னும் பழைய ஐரோப்பிய நரம்புக் கருவி. மெல்லிய மரக்கீற்றுகளை ஒட்டி அரைப் பேரிக்காய் வடிவில் அமைத்த குடம். நடுவில் பூவேலை குடைந்த மேற்பலகை. பின்னோக்கி மடிந்த தலை. அராபியரின் ஊத் இதற்கு மூதாதை. பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

கருவியை மடியில் ஏந்தியதும் நான் வாசிக்கத் தொடங்குவதில்லை. முதலில் சுருதி கூட்டுகிறேன். 24 நரம்புகளுக்கும் சுருதி சேர்க்கப் பத்து நிமிடமாவது ஆகும். மழை நாளென்றால் இன்னும் கூடுதல். பயிற்சிக்கென ஒதுக்கிய முக்கால் மணி நேரத்தில் கால் பங்கு இப்படியே கழிந்துவிடுகிறது. அதை வீணான நேரம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் மாறியதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஊரில் இருந்தபோது பங்கு ஆலயப் பாடகர் குழுவில் கிதார் வாசித்தவன் நான். வேலையின் நிமித்தம் இந்நகருக்குக் குடிபெயர்ந்த பின், ஒரு தவக்காலத்தில், பாக் இயற்றிய ‘புனித யோவான் திருப்பாடுகள்’ என்னும் இசைப் படைப்பைக் கேட்க என் மனைவியுடன் சென்றேன். 1724ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று லைப்சிக் நகர ஆலயத்தில் முதன்முதல் இசைக்கப்பட்ட படைப்பு அது. பிலாத்து இயேசுவைச் சாட்டையால் அடிப்பித்த செய்தியை நற்செய்தியாளர் பாடி முடித்ததும், அதுவரை ஆர்ப்பரித்த பெருங்குழு அடங்குகிறது. ஆழ்ந்த ஆண்குரல் ஒன்று தன் ஆன்மாவையே விளித்து, ஆண்டவரின் வேதனையை உற்று நோக்கும்படி வேண்டுகிறது. அவரைத் தைத்த முட்களிலிருந்து விண்ணக மலர் பூப்பதைக் காணும்படி சொல்கிறது. அந்தப் பாடலுக்குத் துணையாக இரண்டு வயோலா தமோரேக்களையும் ஒரு லூட்டையும் பாக் தேர்ந்துகொண்டார். லூட்டின் ஓசை பெரிதன்று. ஆயினும் அன்று அந்த ஆலயத்தில் அதைக் கேட்பதற்காக எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது. ஒரே சீரான நடையில், அவசரமின்றி, அது சென்றுகொண்டே இருந்தது. “செபமாலை சொல்வது போல இருக்கிறது, இல்லையா?” என்று என் மனைவி காதருகே சொன்னாள்.

அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டுதான் நாற்பது வயதுக்கு மேல் இக்கருவியைக் கற்கச் சென்றேன். எனக்குக் கற்பித்தவர் லூத்தரன் சபையைச் சேர்ந்த முதிய அம்மையார். முதல் நாளில் அவர் என் கைகளைப் பார்த்துவிட்டு, “நகங்களை வெட்டிவிட்டு வாருங்கள்” என்றார். கிதாருக்காகப் பல ஆண்டுகள் பேணி வளர்த்த நகங்கள் அவை. லூட்டின் நரம்புகளை விரல் நுனியின் சதையால் மட்டுமே தொட வேண்டும். நகம் பட்டால் ஓசை கீறும். அன்றிரவு நகங்களை வெட்டியபோது, இத்தனை நாள் நான் கற்றதெல்லாம் அந்தத் துண்டுகளோடு குப்பைக் கூடையில் விழுவது போன்ற கலக்கம் உண்டாயிற்று.

நான் பயில்வது பரோக் காலத்து லூட். இந்நகருக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு. சைலீசியாவில் 1687இல் பிறந்த சில்வியுஸ் லெயோபோல்டு வைஸ் என்னும் லூட் கலைஞர் 1718இல் டிரெஸ்டன் அரசவையில் பணியேற்று, 1750இல் இங்கேயே இறந்தார். சாக்சனி நாட்டு மக்கள் லூத்தரன் சபையினர். அவர்களுடைய மன்னரோ 1697இல் கத்தோலிக்க மறைக்குத் திரும்பியிருந்தார். வைசும் கத்தோலிக்கரே. அவர் எழுதிய இசையில் 600க்கும் மேற்பட்ட படைப்புகள் இன்றும் கிடைக்கின்றன. நம் வீரமாமுனிவர் 1680இல் பிறந்து 1747இல் மறைந்தவர். அவர் தமிழ் மண்ணில் தேம்பாவணியைப் பாடிய காலமும், வைஸ் இங்கே லூட்டை மீட்டிய காலமும் ஒன்றே என்பது நினைக்குந்தோறும் எனக்கு இன்பம் தருகிறது.

வைஸ் வாசித்த கருவியில் 13 வரிசைகள் உண்டு. முதல் இரண்டும் ஒற்றை நரம்புகள்; பாட்டின் குரல் பெரும்பாலும் இவற்றில்தான் ஒலிக்கும். மற்ற 11 வரிசைகளும் இணைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு நரம்புகள் அருகருகே ஓடும். மூன்றாவது முதல் ஐந்தாவது வரை இணையின் இரு நரம்புகளும் ஒரே சுரம். ஆறாவதிலிருந்து, ஒன்று தடித்துத் தாழ்ந்து ஒலிக்கும். மற்றது மெலிந்து அதற்கு மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். இரண்டையும் ஒரே விரல் ஒரே கணத்தில் தொட வேண்டும். சாய்வு சற்றுப் பிசகினாலும் ஒன்று மட்டும் ஒலித்து மற்றது ஊமையாகிவிடும். விரல் எதுவும் வைக்காமல் மேல் ஆறு வரிசைகளை மீட்டினால் டி மைனர் என்னும் துயரம் தோய்ந்த சுரக்கூட்டு எழும். அவற்றின் கீழே ஏழு தாழ்ந்த வரிசைகள் படிப்படியாக இறங்கும். அவற்றை வாசிக்கப்போகும் பாடலுக்கு ஏற்ப அன்றன்று மாற்றிச் சுருதி சேர்க்க வேண்டும்.

அம்மையார் வகுத்துத் தந்த அன்றாடப் பயிற்சி எளிமையானது. முதலில் சுருதி. பின்பு வலக்கைச் சுண்டுவிரலைக் குதிரையின் அருகே மேற்பலகையில் ஊன்றிக்கொண்டு, பெருவிரலால் மட்டும் தாழ்ந்த நரம்புகளில் இறங்கி ஏற வேண்டும், கண்ணால் பார்க்கலாகாது. இருட்டில் சொந்த வீட்டுப் படிகளில் கால் தானே இறங்குவது போலப் பெருவிரல் தன் இடத்தை அறிய வேண்டும். அடுத்து, சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறி, மிக மெதுவாக. அதன்பின் ஒலியை அடக்கும் பயிற்சி. தாழ்ந்த நரம்பு ஒருமுறை மீட்டினால் நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும்; அடுத்த சுரம் பிறக்கும் வேளையில் முந்தியதைப் பெருவிரல் திரும்பிச் சென்று தொட்டு அமர்த்த வேண்டும். இல்லையேல் எல்லாம் கலங்கிவிடும். பிறகு இடக்கைக்குரிய சில அசைவுகள். அதற்கும் பின்னரே பாடல்; அதுவும் எட்டு அளவைகளுக்கு மேல் கூடாது, பாதி வேகத்தில். இறுதியாக, ஏற்கெனவே நன்கு தெரிந்த ஒரு சிறு பாடலை, எதையும் திருத்தாமல், ஒருமுறை வாசித்துவிட்டு மூடிவிட வேண்டும். “ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதால் பயனில்லை. நாள்தோறும் முக்கால் மணி நேரம் போதும், ஆனால் நாள்தோறும்” என்பார்.

இதில் எனக்குச் சலிப்பூட்டியது சுருதி கூட்டும் வேலைதான். இதன் நரம்புகள் ஆட்டுக் குடலால் திரித்தவை. தண்டில் சுற்றிக் கட்டிய மெட்டுகளும் அவ்வாறே. காற்றில் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும், அறையில் வெப்பமூட்டியை இயக்கினாலும் சுருதி கலைந்துவிடும். பிரடைகளோ வெறும் மரமுளைகள். உள்ளே அழுத்தித் திருப்பாவிட்டால் வழுக்கிவிடும். இந்தத் தொல்லை அக்காலத்திலேயே நகைப்புக்கு உரியதாக இருந்தது. ஹாம்பர்க் நகரத்து இசையறிஞர் மாத்தேசன், எண்பது வயது வாழ்ந்த லூட் கலைஞன் அறுபது ஆண்டுகளைச் சுருதி கூட்டுவதிலேயே கழித்திருப்பான் என்று 1713இல் கேலி செய்தார். லூட் கலைஞர் பாரோன் 1727இல் வெளியிட்ட நூலில் தம் கருவிக்காக வாதாடி அவருக்கு மறுமொழி அளித்தார். ஆங்கில நாட்டில் தாமஸ் மேஸ் என்பவர் 1676இல் எழுதிய நூலில் இன்னும் விந்தையான அறிவுரை ஒன்று உண்டு. பகல் வேளையில் லூட்டைப் படுக்கையில், போர்வைக்கு அடியில் கிடத்தி வைத்தால் ஈரம் தாக்காது என்கிறார் அவர். ஒரு நோயாளியைப் போலப் பேணப்பட வேண்டிய கருவி இது என்று நானும் பலமுறை முணுமுணுத்திருக்கிறேன்.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் என் மனைவி இறைவனடி சேர்ந்தாள்.

எங்கள் இல்லத்தில் இரவுதோறும் செபமாலை சொல்லும் வழக்கம் இருந்தது. மங்கள வார்த்தை செபத்தின் முதற்பாதியை அவள் தொடங்குவாள். மறுபாதியை நான் சொல்வேன். திருமணமான முதல் வாரத்தில் அமைந்த இந்த ஒழுங்கு 31 ஆண்டுகள் மாறவில்லை. அடக்கச் சடங்கு முடிந்து உறவினர் யாவரும் திரும்பிச் சென்ற பின், ஓரிரவு செபமாலையைக் கையில் எடுத்தேன். அறையில் யாரும் தொடங்கவில்லை. பதில் சொல்லியே பழகிய என் நாவுக்குத் தொடங்கத் தெரியவில்லை. சற்று நேரம் மணிகளைப் பிடித்தபடி இருந்துவிட்டு, அதை மேசை இழுப்பறையில் வைத்தேன். ஞாயிறு திருப்பலிக்குச் சென்றேன். எழுந்தேன், அமர்ந்தேன், முழந்தாளிட்டேன். செபித்தேன் என்று சொல்ல மாட்டேன். லூட்டின் பெட்டியும் அந்த நாள் முதல் மூடியே கிடந்தது.

2019ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனன்று மாலை அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். ஆறுதல் மொழி எதுவும் சொல்லவில்லை. “கருவி எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். ஐந்து மாதமாகத் திறக்கவில்லை என்றேன். “வாசிக்க வேண்டாம். நாளைக் காலை திறந்து சுருதி மட்டும் கூட்டுங்கள். முடிந்ததும் மூடிவிடுங்கள். அடுத்த நாளும் அவ்வாறே செய்யுங்கள்” என்றார்.

மறுநாள் திறந்து பார்த்தேன். எல்லா நரம்புகளும் தளர்ந்திருந்தன. ஒன்பதாம் வரிசையில் மெல்லிய நரம்பு அறுந்து சுருண்டு கிடந்தது. அதன் துணையான தடித்த நரம்பு மட்டும் தனியே நின்றது. அதைக் கண்டதும் பெட்டியை மூடிவிடவே கை எழுந்தது. சொன்ன சொல்லுக்காக மட்டும் தொடர்ந்தேன். முதல் நரம்பில் தொடங்கி, பிரடையை அழுத்தித் திருப்பி, செவியை அருகே வைத்து, ஒவ்வொன்றாக 23 நரம்புகளையும் கூட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஒன்பதாம் வரிசையைத் தொட்டபோது ஓசை இருண்டு மங்கி ஒலித்தது. ஆயினும் சுரம் சரியாகவே இருந்தது. மூடி வைத்துவிட்டு வேலைக்குச் சென்றேன்.

அடுத்த நாள் காலையில் எல்லாம் மறுபடியும் கலைந்திருந்தன. மூன்றாம் நாளும் அப்படியே. நெடுநாள் தளர்ந்து கிடந்த நரம்புகள் மீண்டும் விறைப்பைத் தாங்கப் பழகச் சில நாள் பிடிக்கும். ஆயினும் எனக்குச் சினமே மூண்டது. அம்மையாரை அழைத்து, “நேற்றுச் சேர்த்த சுருதி இன்று நிற்பதில்லை, இதில் என்ன பயன்?” என்று கேட்டேன். “நேற்றுக்காகச் சேர்த்தது நேற்றோடு போயிற்று. குடல் நரம்பு ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருள். காற்று மாறினால் அதுவும் மாறும். இரும்புக் கம்பியாக இருந்தால் கலையாமல் நிற்கும், ஆனால் அது லூட்டாக இராது” என்றார் அவர்.

அத்தவக்காலம் முழுவதும் ஒரு பாடலைக்கூட நான் வாசிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் திறந்தேன், கூட்டினேன், மூடினேன். மெல்ல மெல்ல ஒன்றை உணர்ந்தேன். சுருதி கூட்டும் வேளையில் மனம் வேறெங்கும் செல்ல இயலாது. இரண்டு நரம்புகள் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது அவற்றின் ஓசையில் ஓர் அலை எழுந்து எழுந்து விழும். சுருதி நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகும். ஒன்றும்போது அது அடங்கி, ஓசை அசைவற்று நிற்கும். அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இத்தனை உன்னிப்பாக நான் எதையும் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. செபத்தில் நான் இழந்திருந்ததும் இந்தக் கேட்டலைத்தான்.

அவிலாவின் புனித தெரேசா, செப வேளை எப்போது முடியும் என்று மணியோசைக்காகக் காத்திருந்த ஆண்டுகள் தமக்கும் இருந்தன என்று தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அவர் அந்த அறையை விட்டு ஓடிவிடவில்லை. முன்பு இதைப் படித்தபோது அது புனிதர்களின் தாழ்ச்சி என்றே கடந்து சென்றேன். இப்போது அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். உணர்வு வந்த பிறகு செபிப்போம் என்று காத்திருப்பது, சுருதி தானே சேர்ந்த பிறகு பெட்டியைத் திறப்போம் என்று இருப்பதற்கு ஒப்பாகும். சவுலின் முன்னே தாவீது யாழ் மீட்டியதைத் திருநூல் சொல்கிறது. மீட்டுவதற்கு முன்பு அவர் நரம்புகளை முறுக்கிச் செவி சாய்த்த வேளையைச் சொல்லவில்லை. அந்த வேளை இன்றி அந்த இசை பிறந்திராது.

புனித வாரத்தில் ஒரு காலை, சுருதி கூட்டி முடித்துப் பெட்டியை மூடினேன். வெளியே இன்னும் விடியவில்லை. வீடு அமைதியாக இருந்தது. என்னையறியாமல் என் வாய் மங்கள வார்த்தை செபத்தின் மறுபாதியைச் சொல்லத் தொடங்கிற்று. முதற்பாதி இல்லாமலே, நான் 31 ஆண்டுகள் சொன்ன அந்தப் பதிலை மட்டும். இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் எங்களுக்காக மன்றாடும்படி அன்னையிடம் கேட்கும் பாதி அது. அத்தனை ஆண்டுகள் சொல்லியும் இறப்பின் வேளை என்ற சொல்லின் கனத்தை அன்றைக்கு முன் நான் அறியவில்லை. அவளுடைய அந்த வேளையில் நான் அருகில் இருந்தேன். அப்போது என்னால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. ஆனால் அந்த வேளைக்காக நாங்கள் இருவரும் இரவுதோறும் முன்னதாகவே வேண்டியிருந்தோம் என்பது அன்றுதான் உறைத்தது.

சில வாரங்கள் அப்படியே, பதிலை மட்டும் செபித்துவந்தேன். அது முறையான செபமாகுமா என்று தயங்கிப் பங்குத்தந்தையிடம் கேட்டேன். “முதற்பாதி வானதூதரும் எலிசபெத்தம்மாளும் சொன்னது. அவர்கள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் பதிலைச் சொல்லுங்கள்” என்று அவர் புன்னகைத்தார். உயிர்ப்புக் காலம் முடிவதற்குள் முதற்பாதியையும் நானே தொடங்கப் பழகிவிட்டேன். குரல் இருண்டு மங்கித்தான் ஒலித்தது. ஆயினும் சுரம் சரியாகவே இருந்தது.

ஒன்பதாம் வரிசைக்குப் புதிய நரம்பு பூட்டினேன். புது நரம்பு பல நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும்; அதுவரை அதன் துணையே வரிசையைத் தாங்க வேண்டும். பின்னர் அம்மையாரின் பழைய ஒழுங்குக்குத் திரும்பினேன்: பெருவிரல், இரு விரல்கள், அடக்கும் பயிற்சி, எட்டு அளவைகள். அப்போது அவர் எனக்கு வைசைப் பற்றி ஒரு செய்தி சொன்னார். 1722இல் வயலின் கலைஞர் ஒருவர் வைசின் மீது பாய்ந்து, அவருடைய வலக்கைப் பெருவிரலின் மேற்கணுவைக் கடித்துத் துண்டிக்க முயன்றார். தாழ்ந்த நரம்புகள் யாவும் அந்தப் பெருவிரலை நம்பியிருப்பவை. அதை இழந்தால் லூட் கலைஞனுக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் மறு ஆண்டே, 1723இல், பேரரசர் ஆறாம் சார்லசின் முடிசூட்டு விழாவுக்காகப் பிராகு நகரில் நிகழ்ந்த பெரும் இசை நாடகத்தில் வைஸ் அமர்ந்து வாசித்தார். முதன்மைக் கலைஞராக அன்று. பெருங்குழுவில் ஒருவராக, தாழ்ந்த சுரங்களைத் தாங்கும் தியோர்போ என்னும் பெரிய லூட்டை வாசித்தார். அதன்பின் 27 ஆண்டுகள் அந்தப் பெருவிரல் அவருக்குப் பணி செய்தது.

இச்செய்தியைச் சொல்லிவிட்டு அம்மையார் என்னைப் பெருவிரல் பயிற்சியை மறுபடியும் செய்யச் சொன்னார். பதின்மூன்றாம் வரிசைக்கு இறங்கும்போது என் விரல் வழக்கம்போலத் தவறிற்று. “நாளை” என்றார்.

இன்று நான் சிறந்த கலைஞன் அல்லன். இனி ஆகப்போவதும் இல்லை. வைசின் எளிய சரபாந்துகள் சிலவற்றையும் இரண்டு மினுவே நடனங்களையும் வீட்டில் வாசிப்பேன், அவ்வளவே. கேட்பதற்கு யாரும் இல்லை. ஆனால் காலை ஐந்தரை மணிக்கு, சுருதி கூட்டி முடித்ததும், பிரடையில் வைத்த கையை எடுத்துச் செபமாலையை எடுக்கிறேன். ஒரு பத்து மணி மட்டும். இரு பாதிகளையும் நானே சொல்கிறேன். முதற்பாதிக்கும் மறுபாதிக்கும் இடையே ஒரு மூச்சு நேரம் நிற்கிறேன். அதன் பிறகுதான் பெருவிரல் தாழ்ந்த நரம்புகளில் இறங்கத் தொடங்குகிறது.

சில நாள்களில் செபம் வறண்டே முடிகிறது, விரல்களும் தடுமாறுகின்றன. முன்பெல்லாம் அத்தகைய நாளைத் தோல்வி என்று கணக்கிடுவேன். இப்போது பெட்டியை மூடிவிட்டு வேலைக்குப் புறப்படுகிறேன். நாளைக் காலையில் 24 நரம்புகளும் மறுபடியும் கலைந்திருக்கும். நான் திறப்பேன்.